எங்கள் அப்பா, வீடு கட்டிய கொத்தனார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா போன ஆகஸ்டில் இறந்தார். 75 வயது. அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் கருங்கல் ஊரில் இருந்து, தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து, குலசேகரம் மலையடிவாரத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி கட்டித் தந்த வீட்டிலதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், சபைக்காரர்கள் கேட்கிறார்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். மூத்த மகள் நான், அவருடைய நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அவர் இன்ஜினியரா, கான்ட்ராக்டரா?

கொத்தனார். கடைசி இருபது வருடம் சொந்தமாக வேலை எடுத்துச் செய்ததால் சிலர் கான்ட்ராக்டர் என்று சொல்வார்கள், அவருக்கு அது பிடிக்காது. யார் கேட்டாலும் "கொத்தவேலை" என்றுதான் சொல்வார்.

1950இல் திருவட்டாறு பக்கத்தில் பிறந்தார். அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான், அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவருடைய தாய்மாமன் மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டும் வேலைக்குப் போயிருந்தார். பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் அந்தப் பாலம் 115 அடி உயரம், 1966இல் முடிந்தது. மாமனுக்குக் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் அப்பா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். தூண் ஏறுகிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று தோன்றியதாகச் சொல்வார். 14 வயதில் கையாளாகச் சேர்ந்தார். ஐந்து வருடம் மண் சுமந்து, சாந்து குழைத்து, செங்கல் நனைத்த பிறகுதான் கையில் கரண்டி கொடுத்தார்கள்.

தசமபாகத்தை நாளாகக் கொடுத்தார் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவக் குடும்பம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லித் தருவது. அப்பா சபைக் கோவிலில் காணிக்கை போடுவார், அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுப் பலாவில் நல்ல சக்கையாகப் பார்த்து ஏலத்துக்குக் கொடுப்பார், சபை விருந்தான அசனத்துக்குப் பந்தி பரிமாறுவார். ஆனால் தசமபாகம் என்று வரும்போது அவர் ரூபாயை எண்ணவில்லை, நாளை எண்ணினார். ஒன்பது நாள் கூலிக்கு வேலை செய்தால் பத்தாவது நாள் வீடில்லாத யாருக்காவது போகும்.

எதற்கு இப்படி என்று நான் காலேஜில் படிக்கும்போது ஒருமுறை கேட்டேன். "ரூவா குடுத்தா அவங்க அதுல ஒரு கொத்தனார வெக்கணும், அவன் எப்படிக் கட்டுவானோ, நான் போனா நானே கட்டுவேம்லா" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, இடம், செய்த வேலை மூன்றும் எழுதுவார். பத்தாவது நாளைச் சுற்றி ஒரு வட்டம். 1985இல் தொடங்கி 2021 வரைக்கும் இப்படி ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் செங்கல் பொடி. நானும் தம்பியும் உட்கார்ந்து எண்ணினோம், 931 வட்டம். அஸ்திவாரம் முதல் பூச்சு வரைக்கும் நின்று கட்டியது 14 வீடுகள். மற்றதெல்லாம் கக்கூஸ், அடுக்களை, ஒழுகுகிற கூரை, இடிந்த சுவர். தனியாக இல்லை, அவரோடு வேலை செய்த மூன்று கொத்தனார்களும் தங்கள் நாளைக் கொடுத்தார்கள். சாமானுக்கு ஊர்க்காரர்கள் உதவினார்கள், அல்லது அரசுப் பணம் வந்தது. அப்பா போட்டது வேலை.

அதனால் வீட்டில் கஷ்டம் வரவில்லையா? குடும்பத்தைக் கவனித்தாரா?

கஷ்டம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் அக்டோபரில் தொடங்கும் துலா மழையும் இரண்டும் பெய்யும், அதனால் கொத்தவேலைக்கு உருப்படியாகக் கிடைப்பது ஜனவரி முதல் மே வரைக்கும்தான். அந்த ஐந்து மாதச் சம்பாத்தியத்தில்தான் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மூன்று பிள்ளைகளுக்கும் பீஸ், புத்தகம், குடை எல்லாம். அதே ஐந்து மாதத்தில் அவர் பத்தில் ஒரு நாளை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 1989இல் என்னுடைய பீஸுக்கு அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள்.

அதற்கப்புறம் அம்மா ஒரு ஏற்பாடு சொன்னாள். பத்தில் ஒன்றைக் குறைக்கச் சொல்லவில்லை. வெயில் காலத்தில் சுவரும் கான்கிரீட்டும் மட்டும் எடுங்கள், தரை போடுவது, உள்பூச்சு, அடுப்பு மேடை இதையெல்லாம் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மழையில் எப்படியும் வெளிவேலை இல்லையே என்றாள். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். நோட்டைப் பார்த்தால் தெரியும், 1990க்குப் பிறகு வட்டங்கள் ஜூன், ஜூலை, நவம்பரில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அம்மாவை விட்டுவிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. 931 வட்டத்தில் பாதி அவளுடையது.

கவனித்தாரா என்றால், சனிக்கிழமை கூலி வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து அம்மா கையில் கொடுப்பார். வரும்போது ரசவடைப் பொட்டலம் இருக்கும். குடிப்பழக்கம் கிடையாது. ராத்திரி எங்களோடு உட்கார்ந்து எங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பார். எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர் முற்றத்தில் மூன்று ஆணி அடித்து நூல் கட்டினார். ஒரு பக்கம் மூன்று அடி அளந்து ஒரு முடிச்சு, மறுபக்கம் நாலு அடி அளந்து ஒரு முடிச்சு, "இப்ப குறுக்க அளந்து பாரு" என்று டேப்பை என் கையில் கொடுத்தார். நாலே முக்கால் அடி வந்தது. அவர் ஒரு ஆணியைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி அடித்தார், மறுபடி அளந்தேன், சரியாக ஐந்து. "இப்பத்தான் மூலை சரியாச்சு மக்ளே, எல்லா வீடும் இதுலதான் தொடங்குது" என்றார். நான் இன்று கணக்கு டீச்சராக இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நூல் கட்டித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

வளைகுடாவில் இருந்தாரா?

இருந்தார். 1979 முதல் 84 வரை சவுதியில். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டுகிறவர்கள் எல்லாம் கிளம்பிப் போனார்கள். நான் பிறந்து ஒன்றரை வயதில்தான் அப்பா என்னை முதல்முதலாகப் பார்த்தார், நான் பயந்துபோய் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேனாம். 84இல் லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்தப் பணத்தில் 12 சென்ட் நிலம் வாங்கினார். வேறு மிச்சம் எதுவும் இல்லை.

இலவசமாகக் கட்டும் வீட்டில் எதையெல்லாம் குறைத்துக்கொண்டார்?

எதையும் குறைக்கவில்லை. அப்பாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கருங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு விதவைக்கும் அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீடு. 1996, நான் லீவில் இருந்தேன், மத்தியானச் சோறு கொண்டு போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தெற்குச் சுவரை வைத்துக்கொண்டிருந்தான். அப்பா சோற்றை வாங்கி வைத்துவிட்டு, பழைய சாரத் துணியில் சுற்றி வைத்திருக்கும் தூக்குக்குண்டை எடுத்தார். பித்தளைக் குண்டு, தேய்ந்து தேய்ந்து கழுத்துப் பக்கம் மட்டும் மினுங்கும். சுவரின் மேல் வரியில் கட்டையை வைத்துக் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். குண்டு சுவரை விட்டு அரை அங்குலம் விலகி நின்றது. ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார்.

"லே மக்கா, அஞ்சு வரிய எடுத்துரு."

பையனுக்கு முகம் வாடிவிட்டது. பூசினால் தெரியாது அண்ணாச்சி, சும்மா கட்டிக் கொடுக்கிற வீடுதானே என்றான். அப்பா சத்தம் போட்டு நான் அதிகம் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். "சும்மாவா? அந்தப் பிள்ள முப்பது வருசம் இதுக்குள்ள கெடக்கப் போறா, ஒனக்கு சும்மாவா?" பிறகு அவரே ஏறி, சாந்து காயாத கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி, கழுவித் தொட்டியில் போட்டார். சோறு சாப்பிடும்போது மூன்றரை மணி.

அந்த வீட்டில் மற்ற வீடுகளுக்குச் செய்கிற எல்லாமே செய்தார். தோவாளைப் பக்கத்துச் சூளையிலிருந்து வரும் லோடில் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார், கணீரென்று மணிச்சத்தம் வர வேண்டும், மொத்தையாகக் கேட்டால் லோடு திரும்பிவிடும். கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை ஊறவைப்பார், இல்லாவிட்டால் காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது. கான்கிரீட் போட்டால் பாத்தி கட்டிப் பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் விடும் வேலையை மட்டும் வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவார், காலையும் மாலையும் வந்து தொட்டுப் பார்ப்பார். ஈரம் இல்லையென்றால் அவருக்குக் கோபம் வரும்.

லாரி பேக்கரிடம் வேலை செய்தார் என்பது உண்மையா?

நேரடியாக இல்லை. திருவனந்தபுரம் நமக்குப் பக்கம், இங்கிருந்து நிறைய பேர் அங்கே கொத்தவேலைக்குப் போவது வழக்கம். 1987இல் அப்பாவும் அங்கே போய்வந்துகொண்டிருந்தபோது பேக்கர் முறையில் கட்டிய ஒரு வீட்டைப் பார்த்தார், அங்கே வேலை செய்த கொத்தனாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். லாரி பேக்கர் குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர்போன கட்டிடக் கலைஞர், 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தவர். மனைவி எலிசபெத் டாக்டர், இரண்டு பேரும் இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருடம் மருத்துவமனை நடத்தினார்கள், பிறகு கேரளாவுக்கு வந்தார்கள். 1990இல் பத்மஸ்ரீ, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் சுற்றியுள்ள ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர்.

அவரிடமிருந்து அப்பா எடுத்துக்கொண்டது எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது, நடுவில் ஒரு வெற்றிடம் வரும், சுவரின் கனம் அதேதான். கால்வாசிக் கல் மிச்சமாகும், உள்ளே சூடும் குறைவு. பேக்கர் வீடுகளில் இந்தச் சுவரைப் பூசாமல் அப்படியே விடுவார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அப்பாவும் இரண்டு தான வீடுகளை இப்படிப் பூசாமல் கட்டினார். இரண்டாவது வீட்டில் குடியிருந்த அக்கா ஒரு வருடம் கழித்து வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு கொறையும் இல்ல, ஆனா தெருவுல போறவங்க பூசாத வீட்டப் பாத்து இது தர்மத்துக்குக் கெட்டினதுன்னு பிள்ளைகள்ட்ட சொல்லுதாங்க." அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய் இரண்டு வீட்டையும் பூசிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் எலிப்பொறிக் கட்டு கட்டினார், ஆனால் பூசாமல் விட்டதில்லை. பேக்கர் சொன்னது சரிதான், சுவருக்குப் பூச்சு தேவையில்லை. அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது, அது போதும் அவருக்கு.

சுனாமி சமயத்தில் என்ன செய்தார்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கோவில் முடிந்து வரும்போதே செய்தி வந்துவிட்டது. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போனார், நாலு நாள் கழித்துத்தான் வந்தார். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஏ.வி.எம். கால்வாயில் விழுந்து இறந்தவர்கள் நிறைய. அந்த நாலு நாளைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. மணக்குடியில் பாலமே தூக்கி எறியப்பட்டுக் கிடந்ததை மட்டும் சொன்னார், கட்டுகிறவர் கண்ணில் அதுதான் பட்டது போல.

அடுத்த வருடம் நிரந்தர வீடுகள் கட்டத் தொடங்கியபோது ஒரு இடத்தில் கூலிக்குச் சேர்ந்தார். பெயர் வேண்டாம். அங்கே சிமெண்டைக் குறைத்தார்கள், தூண் கம்பிக்கு வளையம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு அடிக்கு மேல் இடைவெளி விட்டார்கள். அப்பா அளந்து காட்டினார், கேட்டார், மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெகு நாள் அதை நினைத்துக் கஷ்டப்பட்டார். அந்த வருடத்தின் வட்டங்கள் முழுக்கக் கடற்கரை ஊர்களில்தான், சேதமான வீடுகளைச் செப்பனிடுவதில். வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே வரும் லிண்டலை அந்தந்த இடத்தில் நிறுத்தாமல் வீட்டைச் சுற்றி முழு பெல்ட்டாக ஓட்டுவது அவருடைய பிடிவாதம். காற்றோ தண்ணீரோ தள்ளும்போது நாலு சுவரும் ஒன்றாக நிற்கும், தனித்தனியாக விழாது.

ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் 30க்கு அப்புறமும் போனார். அப்போது 67 வயது. ரப்பரும் தென்னையும் விழுந்து ஓட்டுக் கூரைகள் நொறுங்கிக் கிடந்தன. உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கி, ஒரு வீட்டின் மிச்சத்தை இன்னொரு வீட்டின் ஓட்டைக்குப் போட்டு, பதினாறு வீட்டுக்குக் கூரை மூடிக் கொடுத்தார்கள்.

அவர் கட்டிய வீடு எதுவும் பழுதானதே இல்லையா?

ஒன்று ஆனது. கடல் பக்கத்தில் 1993இல் கட்டிய தான வீடு. மணலை யாரோ கொண்டு இறக்கினார்கள், அவசரத்தில் அப்பா நாக்கில் வைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார். கடல் மணல் கலந்திருந்தது. உப்பு கம்பியை அரிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். 2001இல் மேல்தளத்தின் அடியில் சல்லி உதிரத் தொடங்கியது. தகவல் வந்த அன்றே போனார். தளத்தை உடைத்து, வேறு கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் கொடுத்தார், முழுச் செலவும் எங்கள் வீட்டுப் பணம். எங்கள் சொந்த வீட்டுக்கு வெளிப்பூச்சுப் பூச எடுத்து வைத்திருந்த பணம் அது. எங்கள் வீட்டுச் சுவர் இன்னும் ஆறு வருடம் செங்கல் தெரிய நின்றது. அந்த வேலைக்குப் போன நாட்களைச் சுற்றி நோட்டில் வட்டம் போடவில்லை. "இது என் கடன்" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

சாதி, மதம் பார்த்தாரா?

14 வீட்டில் ஐந்து கிறிஸ்தவ வீடு, ஏழு இந்து வீடு, இரண்டு முஸ்லிம் வீடு. இதை நாங்கள் இப்போது எண்ணிப் பார்த்ததால்தான் தெரியும், அவர் எண்ணவில்லை.

மகள்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தாரா? சீதனம்?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கொத்தனார் மகளுக்கு வீடு சீதனமாக வரும் என்று எதிர்பார்த்து வந்த இரண்டு சம்பந்தங்களை அவர் திருப்பி அனுப்பினார். எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கு நாலு சென்ட், பத்திரம் எங்கள் பெயரில். கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டார், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் ஒன்றுமில்லை, கேட்டதற்காகவும் இல்லை. மீதி நாலு சென்ட்டும் வீடும் தம்பிக்கு. மூன்று பங்கும் ஒரே அளவு, அளந்தது அவருடைய டேப்.

தான வீடுகளிலும் அப்படித்தான், பட்டா பெண்ணின் பெயரில் இருந்தால்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார். ஒரு இடத்தில் புருஷன் பெயரில் இருந்தது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று எட்டு மாதம் காத்திருந்தார்.

சாரத்திலிருந்து விழுந்தாரே, அப்போது நஷ்டஈடு கிடைத்ததா?

2009இல் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கை. எதுவும் கிடைக்கவில்லை, காரணம் அவர் வாரியத்தில் பதிவு செய்யவே இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. விபத்து, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு, 60 வயதானால் ஓய்வூதியம் உண்டு. இவருக்கு அப்போது 59. "நாளைக்குப் பாக்கலாம்னு பதினஞ்சு வருசம் போச்சு" என்று சொல்லிச் சொல்லி வருந்தினார்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகத் தன்னோடு வேலை செய்த கொத்தனார், கையாள், பெண் கையாட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்ய வைத்தார். படிவம் நிரப்பினது நான். இதைப் படிக்கும் வீட்டில் கொத்தவேலைக்கோ பெயிண்டிங்குக்கோ கம்பி கட்டவோ போகிறவர்கள் இருந்தால், அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்காத அட்டை அவசரத்துக்கு உதவாது.

அரசு வீடு பாதியில் நிற்கிறது, இந்த மாதிரி வீட்டுக்கு உதவுவாரா?

வேலையை நிறுத்துவதற்கு முந்தின பத்து வருடம் அதிகம் செய்தது இதைத்தான். அரசு வீட்டுத் திட்டங்களில் பணம் மொத்தமாகக் கையில் வராது. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒன்று, கான்கிரீட் போட்டால் ஒன்று என்று வரும். அடுத்த தவணை வர, முந்தின வேலையைச் சொந்தக் காசில் முடித்துக் காட்ட வேண்டும், அந்தக் காசு இல்லாதவர்களுக்குத்தானே வீடே கொடுக்கிறார்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமப்புற வீட்டுக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். கட்டுகிறவர்களுக்குத் தெரியும், இதில் கூலிக்கே ஒரு பெரும் பங்கு போய்விடும். அந்த வேலையை அப்பாவும் கூட்டாளிகளும் கூலி வாங்காமல் செய்தால் தவணைப் பணம் முழுக்கச் சாமானுக்கு நிற்கும், வீடு நகரும்.

உதவி செய்ய நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான், புதிதாக ஒரு வீடு கட்டிக் கொடுக்கப் பணம் திரட்டுவதற்கு முன்னால் உங்கள் வார்டிலேயே லிண்டலோடு நின்று பாசி பிடித்த வீடு எத்தனை இருக்கிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். 2021 நவம்பர் மழையில் மண்சுவர் வீடுகள் எத்தனையோ இடிந்தன. அப்படி இடிந்த ஒரு வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு அரசு வீடு பாதியில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

14 வீடுகளின் விவரம் தர முடியுமா? ஒரு நினைவுக்கல் வைக்கலாமே?

முடியாது, மன்னிக்கவும். நல்ல மனதோடு கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் பூசாத சுவரைப் பற்றி அந்த அக்கா சொன்னதற்குப் பிறகு எந்த வீடு தான வீடு என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. பால்காய்ப்புக்குக் கூப்பிட்டால் மற்ற விருந்தாளிகளைப் போலப் பரிசுப் பொதியோடு போய், சாப்பிட்டு, வருவார். அந்த நோட்டுகளை நாங்களும் வெளியே கொடுக்க மாட்டோம்.

இப்போது யாராவது செய்கிறார்களா? உதவி வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?

செய்கிறார்கள். அந்த மூன்று கொத்தனார்களில் இரண்டு பேர் இன்னும் வேலை செய்கிறார்கள், கருங்கல் பக்கத்தில் ஐந்து வரியை எடுக்கச் சொல்லித் திட்டு வாங்கின பையனும் கூட இருக்கிறான். அவனுக்கும் இப்போது ஐம்பது நெருங்குகிறது, தூக்குக்குண்டு அவனிடம்தான் இருக்கிறது, அப்பா 2021இல் வேலையை நிறுத்தியபோது கொடுத்தது. சங்கம், டிரஸ்ட் ஒன்றும் கிடையாது, பணம் வாங்க மாட்டார்கள், அதனால் யாராவது அப்பா பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர்கள் மூலம் சொல்லிவிட்டால் ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். பட்டா நகல், அரசு வீடாக இருந்தால் தவணை வந்த பாஸ்புத்தகம் இரண்டையும் எடுத்து வையுங்கள். தண்ணீர் வசதி எங்கே என்று காட்டுங்கள். வேலை நடக்கும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் கையாளாகக் கூட நிற்க வேண்டும், வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது. பதினொரு மணிக்குக் கட்டன் சாயா, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் போதும். இரண்டு பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, அவர்கள் சாயாவில் சீனி போடாதீர்கள், கேட்டாலும் போடாதீர்கள்.